வெண்டையில் நரம்பு மஞ்சள்: வைரஸோட ஒட்டிக்கிட்டு வர்ற துணைக்கோள் பத்தி

ஒடுகத்தூர்_கழனி
ஏப்ரல் 9, காலை 6:40

எல்லாருக்கும் வணக்கம். ஒடுகத்தூர் பக்கம் அரைக் காணி கொல்லையில மாசி மாசம் வெண்டை போட்டேன். முப்பத்தஞ்சு நாள் வரைக்கும் செடி கரும்பச்சையா நல்லா வந்துனு இருந்துது. அப்புறம் வரப்போரமா ஏழெட்டு செடியில கொழுந்து நரம்பு மஞ்சளாச்சு. பத்தே நாள்ல பாதிக் கொல்லை போச்சு. இலையை வெயிலுக்கு நேரா தூக்கிப் புடிச்சா பெரிய நரம்பு, பொடி நரம்பு எல்லாம் மஞ்சள் நூல்ல வலை பின்னின மாதிரி தெரியுது, கண்ணிக்கு நடுவுல மட்டும் பச்சை. காய் வெளுத்துப் போவுது. நேதாஜி மார்க்கெட்டுக்கு மூணு மூட்டை எடுத்துனு போனேன். மண்டிக்காரர் ஒரு காயோட நுனியை ஒடிச்சுப் பாத்தார். ஒடியல, நாரா இழுத்துது. மூட்டையைத் திரும்ப வண்டியில ஏத்தச் சொல்லிட்டார்.

விதை வாங்கின எடத்துல கேட்டா வெள்ளை ஈக்கு மருந்து அடிங்கன்னாங்க. மூணு தடவை அடிச்சேன், மூணும் வேற வேற மருந்து. மஞ்சள் நிக்கல. விதையே கெட்டதுன்னு பக்கத்துக் கொல்லைக்காரர் சொல்றார். வரப்புல இருக்குற ரயில் பூண்டுலயும் இதே மஞ்சள் வலை இருக்குது. அதுலேந்துதான் வந்துதா? தெரிஞ்சவங்க சொல்லுங்க.


குடியாத்தம்_விதைக்கடை
ஏப்ரல் 9, காலை 9:15

அண்ணே, விதையைக் குறை சொல்றதுக்கு முன்ன ஒண்ணு யோசிங்க. விதையில இருந்து வந்திருந்தா கொல்லை முழுக்க அங்கொண்ணும் இங்கொண்ணுமா முளைச்ச நாள்லேந்தே மஞ்சள் தெரிஞ்சிருக்கணும். உங்களுக்கு வரப்போரமா ஆரம்பிச்சு உள்ள போயிருக்குது. பறந்து வந்து உட்கார்ந்ததோட தடம் அது. வெள்ளை ஈதான். மருந்தை மாத்தி மாத்தி அடிக்கிறதைத் தவிர வேற வழி எனக்குத் தெரியல.


ஓய்வு_வேளாண்அலுவலர்
ஏப்ரல் 9, காலை 11:02

விதைக்கடை நண்பர் சொன்ன தடம் சரி. தீர்வு சரியில்லை. மஞ்சள் கண்ட செடியை எந்தப் பூச்சிமருந்தும் பச்சையாக்காது. வைரஸ் அந்தச் செடியின் திசுவுக்குள் போய்விட்டது. அடுத்த செடிக்குப் போவதை மட்டுமே நாம் தடுக்க முடியும்.

இந்த நோய்க்கு வயது நூறு. 1924இல் பம்பாய் மாகாணத்தில் குல்கர்னி என்பவர் முதலில் பதிவு செய்தார். 1960இல் 'பூசா சவானி' வந்தபோது இனி வெண்டைக்கு மஞ்சள் கிடையாது என்று நினைத்தோம். சில வருடங்களில் அதுவும் மஞ்சளானது. பிறகு காட்டு வெண்டை இனங்களோடு கலப்பு செய்து 'பர்பானி கிராந்தி', 'அர்கா அனாமிகா' வந்தன. அவற்றைக் கொல்லை கொல்லையாக எடுத்துச் சென்று கொடுத்தவன் நான். ஆரம்பத்தில் பச்சைப் பசேலென்று நின்றன. போகப் போக அவையும் விழுந்ததைக் கண்ணால் பார்த்தேன். ஒரே நோய்க்கு எதிரான ரகங்கள் ஏன் ஒவ்வொன்றாகத் தோற்கின்றன என்று பணிக்காலம் முழுக்க எனக்கு ஆதங்கம். இங்கே ஆய்வுக்கூடத்தில் இருக்கும் பிள்ளைகள் யாராவது இருந்தால் எழுதுங்கள்.


காட்பாடி_மாணவி
ஏப்ரல் 9, இரவு 10:48

வணக்கம் ஐயா, வணக்கம் அண்ணா. நான் பயிர் வைரஸ்ல ஆராய்ச்சி பண்றேன், வெண்டையும் மிளகாயும்தான் என் வேலை. கொஞ்சம் நீளமா எழுதுறேன், பொறுத்துக்கோங்க.

வெண்டையில மஞ்சள் நரம்பைக் கொண்டு வர்ற வைரஸ் 'பெகோமோவைரஸ்'ங்கிற பேரினத்தைச் சேர்ந்தது. அதோட மரபுப்பொருள் ஒத்தை இழை டி.என்.ஏ., வளையமா இருக்கும், நீளம் சுமார் 2,700 எழுத்து (டி.என்.ஏ.வோட ஒவ்வொரு அலகையும் எழுத்துன்னு சொல்வோம்). ரொம்ப நாளா இது ஒண்ணுதான் நோய்க்குக் காரணம்னு நினைச்சிருந்தாங்க. ஆனா இந்த வளையத்தை மட்டும் தனியா எடுத்துச் செடிக்குள்ள செலுத்தினப்போ எதிர்பார்த்த மஞ்சள் வரல. இலை லேசா சுருண்டுது, அவ்ளோதான்.

அப்புறம்தான் கூட இன்னொரு குட்டி வளையம் இருக்குறது தெரிஞ்சுது. சுமார் 1,350 எழுத்து, வைரஸ்ல சரிபாதி. இதுக்குப் பேர் பீட்டா சாட்டிலைட். 2000இல் ஏஜெரட்டம்ங்கிற களைச்செடியிலயும் 2001இல் பருத்தி இலைச்சுருள் நோயிலயும் இது வெளிச்சத்துக்கு வந்துது. வெண்டைக்கு நிரூபிச்சது நம்ம ஊர்லதான். மதுரை காமராசர் பல்கலைக்கழகத்துல ஜோஸும் உஷாவும் 2003இல் வெளியிட்டாங்க. வைரஸ் தனியாப் போனா லேசான சுருள், துணையும் சேர்ந்து போனா அண்ணா கொல்லையில இருக்குற அதே மஞ்சள் வலை.

இந்தக் குட்டிக்குத் தன்னைத்தானே பெருக்கிக்கத் தெரியாது. வைரஸோட 'ரெப்' புரதம் வந்துதான் இதை நகலெடுக்கணும். தனக்குன்னு மேலுறையும் கிடையாது, வைரஸோட உறைக்குள்ளயே ஏறிக்கும். வெள்ளை ஈயோட குடல் சுவரைத் தாண்டி, உடம்புத் திரவத்துல கலந்து, உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து சேரணும்னா அந்த உறை வேணும். உறை இருக்குறதாலதான் அடுத்த செடிக்கு சவாரி கிடைக்குது.

சரி, சோறு போடுற வைரஸுக்கு இது என்ன பண்ணுது? இதுல முக்கியமா ஒரே ஒரு மரபணு, பீட்டா சி1. ரொம்பச் சின்னப் புரதம், ஆனா அது பண்ற வேலை பெருசு. செடிக்கு வைரஸை அடையாளம் கண்டு துண்டு துண்டா வெட்டுற ஒரு காவல் முறை இருக்கு. பீட்டா சி1 அதை முடக்கிடும். இலை வடிவத்தைத் தீர்மானிக்கிற செடியோட சொந்தப் புரதங்கள்ல தலையிட்டு இலையைச் சுருட்டும். முள்ளங்கியில வர்ற ஒரு பீட்டா சாட்டிலைட்டை வச்சு 2015இல் பண்ண ஆய்வுல, இந்தப் புரதம் இலையில பச்சையம் இருக்குற பசுங்கணிகத்துக்குள்ளயே போய் அதோட கட்டமைப்பைச் சிதைக்கிறதைக் காட்டினாங்க. மஞ்சளுக்கு வேர் அங்கதான்.

வெள்ளை ஈக்கும் இதுக்கும் உள்ள உறவைத் தனியா எழுதணும். நாளைக்கு எழுதுறேன்.


சத்துவாச்சாரி_மாடித்தோட்டம்
ஏப்ரல் 10, காலை 7:20

மாணவிம்மா, மாடியில இருக்குற ஆறு வெண்டைச் செடியில ரெண்டு மஞ்சளா நிக்குது, அதான் கேக்குறேன். சாட்டிலைட்னா ராக்கெட்ல விடுறதுதானே ஞாபகம் வருது? தமிழ்ல வேற பேர் இல்லையா?


ஓய்வு_வேளாண்அலுவலர்
ஏப்ரல் 10, காலை 8:05

'செயற்கைக்கோள்' என்று எழுதினால் தவறாகிவிடும் அம்மா, மனிதன் செய்து விட்டது என்ற பொருள் வந்துவிடும். 'துணைக்கோள்' பொருந்தும். நிலா பூமிக்குத் துணைக்கோள். தன் பாதையைத் தானே வகுத்துக்கொள்ளாமல் பெரிய ஒன்றைச் சுற்றியே வாழ்வது. பாடநூலில் எப்படி இருந்தாலும் நான் அப்படித்தான் எழுதுவேன்.


காட்பாடி_மாணவி
ஏப்ரல் 10, இரவு 9:30

ஐயா, துணைக்கோள் நல்லா இருக்கு, இனி அப்படியே எழுதுறேன். சத்துவாச்சாரி அம்மா, அந்த ரெண்டு செடியையும் இன்னிக்கே பிடுங்கிடுங்க. காய்க்குதேன்னு விட்டு வச்சா மீதி நாலும் போயிடும்.

இப்போ வெள்ளை ஈ. ஈ இலையோட அடியில உட்கார்ந்து ஊசி மாதிரி வாயை நரம்புக்குள்ள இறக்கிச் சாறு உறிஞ்சும். சாதாரணமா இப்படிக் கடி விழுந்தா செடி ஜாஸ்மோனிக் அமிலம்ங்கிற ஒரு சமிக்ஞையை ஓட விடும். இதோட நெருங்கின உறவுப் பொருளை மல்லிகை எண்ணெயிலதான் முதல்ல பிரிச்செடுத்தாங்க, பேர் வந்தது அப்படித்தான். அந்தச் சமிக்ஞை ஓடினதும் பூச்சிக்குப் பிடிக்காத ரசாயனங்களைச் செடி சுரக்கும். சிலது வாசனையா வெளியில போய் பூச்சியை விரட்டும். நம்ம துணைக்கோளோட பீட்டா சி1 அந்தச் சமிக்ஞையையே அமுக்கிடுது. சீனாவுல தக்காளி மஞ்சள் இலைச்சுருள் வைரஸையும் அதோட துணைக்கோளையும் வச்சு 2012லயும் 2014லயும் வந்த ஆய்வுகள் இதை அடுத்தடுத்துக் காட்டுச்சு. எம்.ஒய்.சி.2ங்கிற செடியோட கட்டுப்பாட்டுப் புரதத்தைப் பீட்டா சி1 பிடிச்சுக்கும். அதனால வெள்ளை ஈயை விரட்டுற டெர்பீன் வாசனைப் பொருட்கள் குறைஞ்சுடும். அந்தச் செடியில ஈ நல்லா வளரும், நிறைய முட்டை போடும்.

புரியுதா அண்ணா? நோய் வந்த செடி நோய் பரப்புற பூச்சிக்கே தொட்டில் ஆயிடுது. உங்க கொல்லையில மஞ்சள் செடி மேல கையால தட்டிப் பாருங்க, பச்சைச் செடி மேலயும் தட்டிப் பாருங்க. எதுல அதிகமா பறக்குதுன்னு எழுதுங்க.


ஒடுகத்தூர்_கழனி
ஏப்ரல் 11, காலை 7:05

தட்டிப் பாத்தேன்மா. விடியக்காலம் அஞ்சே முக்காலுக்குப் போனேன், வெயில் ஏறினா பறந்துடும்னு. மஞ்சள் செடியைத் தொட்டதும் அடுப்புச் சாம்பலை ஊதின மாதிரி கிளம்புச்சு, ரெண்டு நொடில மறுபடி அதே இலைக்கு அடியில போய் உட்கார்ந்துது. நாலு சால் தள்ளி பச்சையா இருந்த செடியில எண்ணிப் பாத்தேன், பதினொண்ணு. மஞ்சள்ல எண்ண முடியல. மஞ்சளா இருக்குதே, அந்த நிறத்துக்குத்தான் வருதுன்னு நெனச்சுனு இருந்தேன்.


காட்பாடி_மாணவி
ஏப்ரல் 11, காலை 8:40

நிறமும் ஒரு காரணம் அண்ணா, மஞ்சளுக்கு வெள்ளை ஈ வரும், அதனாலதான் மஞ்சள் ஒட்டும் அட்டை வைக்கிறோம். ஆனா வந்தது தங்கிப் பெருகுறதுக்குச் செடியோட எதிர்ப்பு அடங்கியிருக்கணும். ரெண்டும் சேர்ந்துதான் உங்க சாம்பல்.


கேவிகுப்பம்_மிளகாய்
ஏப்ரல் 11, மதியம் 1:15

எனக்கு மிளகாயில சுருட்டை. இலை படகு மாதிரி மேல மடிஞ்சு, செடி குட்டையா நின்னுடுச்சு. பேன் கடிச்சா கூட சுருட்டை வரும்னு சொல்றாங்க. அதுவும் இந்தத் துணைக்கோள்தானா?


ஓய்வு_வேளாண்அலுவலர்
ஏப்ரல் 11, மதியம் 2:50

தம்பி, இரண்டையும் பிரித்துப் பாருங்கள். இலைப்பேன் என்றால் ஓரம் மேலே மடிந்து படகாகும். மஞ்சள் சிலந்தி என்றால் ஓரம் கீழே மடிந்து, காம்பு எலிவால் போல் நீளும். வைரஸ் என்றால் நரம்பு தெளிந்து தெரியும், இலை சிறுத்துக் கணு நெருங்கும், மருந்தடித்தாலும் புதுக் கொழுந்து நிமிராது. பெரும்பாலான கொல்லைகளில் இவை கலந்தே இருக்கும். நீங்கள் படகு என்கிறீர்கள், ஆகவே முதலில் பேனைப் பாருங்கள். கொழுந்தை ஒரு வெள்ளைத் தாளின் மேல் தட்டினால் ஊர்வது தெரியும்.


காட்பாடி_மாணவி
ஏப்ரல் 11, இரவு 10:10

மிளகாய் இலைச்சுருள் வைரஸோடயும் பீட்டா துணைக்கோள் வர்றது இந்தியாவுல நிறைய பதிவாகியிருக்கு. ஐயா சொன்ன மாதிரி முதல்ல பேனைப் பாருங்க.

ரகங்கள் ஏன் தோத்துதுன்னு ஐயா கேட்டிருந்தார். வெண்டைக்கு நேரடியா ஒரு பதில் சொல்றதை விட, நல்லாத் தெரிஞ்ச பருத்திக் கதையைச் சொல்றேன். 1990களோட தொடக்கத்துல பாகிஸ்தான்ல முல்தான் பக்கம் பருத்தி இலைச்சுருள் நோய் பெரிய கொள்ளை நோயா வந்துது. எதிர்ப்புள்ள ரகங்களை உருவாக்கினாங்க, சில வருஷம் தாங்குச்சு. 2001, 2002 வாக்குல புரேவாலாங்கிற ஊர்ல அந்த ரகங்களும் சுருள ஆரம்பிச்சுது. எடுத்துப் பார்த்தா வைரஸும் மாறியிருந்துது, துணைக்கோளும் மாறியிருந்துது. பருத்தித் துணைக்கோளுக்குள்ள ஒரு சின்னத் துண்டு தக்காளி இலைச்சுருள் துணைக்கோள்லேந்து வந்து ஒட்டியிருந்துது.

ஒரே செடிக்குள்ள ரெண்டு வகை நுழைஞ்சா நகலெடுக்கிறப்போ இழை மாறிப் புதுசா ஒண்ணு பொறக்கும். வைரஸ்ங்க பெரும்பாலும் தனக்குத் தோதான செடிக்குள்ளயே நிக்கும். துணைக்கோள் அப்படி இல்ல. இந்த வைரஸோட ரெப் இல்லன்னா அந்த வைரஸோட ரெப், யார் நகலெடுத்தாலும் ஏத்துக்கும். ரெண்டு துண்டு மரபுப்பொருள் உள்ள வைரஸ்களோட கூட சேர்ந்து போயிருக்கு. நாம ரகம் உருவாக்குறப்போ ஒரு வைரஸைப் பார்த்து உருவாக்குறோம். வயல்ல அது துணையை மாத்திட்டு வருது.

ஆல்பா, டெல்டான்னு வேற துணைக்கோள்களும் உண்டு. ஆல்பா தானே நகலெடுத்துக்கும், சில நேரம் நோயைக் கொஞ்சம் தணிக்கவும் செய்யும். உங்க கொல்லைக் கேள்விக்கு அது இப்போ தேவைப்படாது.


சத்துவாச்சாரி_மாடித்தோட்டம்
ஏப்ரல் 12, காலை 6:55

பிடுங்கிட்டேன்மா, நெகிழிப் பையில கட்டிப் போட்டுட்டேன். இந்தக் குட்டி வளையம் புதுசா வந்ததா, பழசா?


காட்பாடி_மாணவி
ஏப்ரல் 12, காலை 9:12

ரொம்பப் பழசும்மா. கி.பி. 752இல் ஜப்பான்ல ஒரு பேரரசி கவிதை எழுதினாங்க. கோடைகாலத்துலயே ஒரு செடி இலையுதிர்காலம் மாதிரி மஞ்சளாயிருக்குதேன்னு. யூப்பட்டோரியம்ங்கிற செடி அது. அந்த மஞ்சளுக்குக் காரணம் பெகோமோவைரஸும் அதோட பீட்டா துணைக்கோளும்னு 2003இல் நிரூபிச்சாங்க. எழுத்துல இருக்குற முதல் செடி வைரஸ் நோய்ப் பதிவு அதுதான்னு சொல்றாங்க. ஆய்வுக்கூடத்துல ராத்திரி உட்கார்ந்திருக்கிறப்போ இதை நினைச்சுக்குவேன். ஆயிரத்து இருநூறு வருஷத்துக்கு முன்னால ஒருத்தங்க நின்னு பார்த்த அதே மஞ்சள்.


குடியாத்தம்_விதைக்கடை
ஏப்ரல் 12, மாலை 5:30

எல்லாம் சரிம்மா, படிக்கப் படிக்க நான் சொன்னது பாதிதான்னு தெரியுது. ஆனா நாளைக்கு காலையில கடைக்கு ஒரு விவசாயி மஞ்சள் இலையைக் கையில புடிச்சுனு வந்து நின்னா நான் இன்னா சொல்றது?


ஓய்வு_வேளாண்அலுவலர்
ஏப்ரல் 12, இரவு 8:20

நான் சொல்கிறேன். முதல் நாற்பது நாள்தான் எல்லாம். அந்த நாட்களில் விழுந்த செடி பெரும்பாலும் காய் தராது, பூத்த பிறகு விழுந்தால் ஓரளவு தப்பிக்கும். ஆகவே மஞ்சள் கண்ட முதல் செடியைக் கண்ட அன்றே, காலையில் ஈ சோம்பியிருக்கும்போது, பையால் மூடி வேரோடு பிடுங்கச் சொல்லுங்கள். சும்மா பிடுங்கி வரப்பில் எறிந்தால் அதில் இருக்கும் ஈ அடுத்த செடிக்குத்தான் போகும். வெண்டை விதைப்பதற்குப் பதினைந்து நாள் முன்பே சுற்றிலும் இரண்டு மூன்று சால் மக்காச்சோளம் நெருக்கமாகப் போடட்டும். ஈ அதில் இறங்கி நிற்கும். மக்காச்சோளத்தில் இந்த வைரஸ் வாழாது. ஐந்து சதவீத வேப்பங்கொட்டைச் சாறு, அதாவது நூறு லிட்டர் தண்ணீருக்கு ஐந்து கிலோ பருப்பு, இலையின் அடிப்பக்கம் நனையும்படி அடிக்க வேண்டும். மேலே மட்டும் தெளித்தால் ஈ இருக்கும் இடத்துக்கே சாறு போகாது. ஒரே மருந்தைத் திரும்பத் திரும்ப அடித்தால் ஈ பழகிக்கொள்ளும்.

நம் ஊரில் மாசி விதைப்பு சரியாகப் பங்குனி, சித்திரை வெயிலில் போய் விழுகிறது. வெள்ளை ஈ பெருகுவது அப்போதுதான். தண்ணீர் இருப்பவர்கள் ஆடிப் பட்டத்துக்கு மாற்றிப் பார்க்கலாம்.


ஒடுகத்தூர்_கழனி
ஏப்ரல் 13, காலை 6:15

ஐயா சொன்னது மனசுல ஏறிச்சு. ரயில் பூண்டு பத்தி இன்னும் யாரும் சொல்லலையே. நேத்து வரப்புல இருந்ததை எல்லாம் வெட்டிப் போட்டுட்டேன்.


காட்பாடி_மாணவி
ஏப்ரல் 13, காலை 7:50

அண்ணா, அடடா, ஒரு பிடியாவது விட்டு வச்சிருக்கலாம்.

ரயில் பூண்டு தென்னமெரிக்காவுலேந்து வந்த செடி. அதுல மஞ்சள் நரம்பு வர்றதுக்கும் பெகோமோவைரஸும் பீட்டா துணைக்கோளும்தான் காரணம். ஆனா ரெண்டு செடியிலயும் ஒரே மாதிரி மஞ்சள் இருந்தா ரெண்டும் ஒரே வைரஸ்னு சொல்லிட முடியாது. வெண்டையோட வைரஸ் பெரும்பாலும் வெண்டை, துத்தி, செம்பருத்தி இருக்குற குடும்பத்துக்குள்ளயே சுத்தும். அதனால உங்க வெண்டைக்கு ரயில் பூண்டுதான் காரணம்னு நான் சொல்ல மாட்டேன், வரப்புல துத்தி இருக்கான்னுதான் முதல்ல கேட்பேன். எனக்குப் பயம் வேற. ஒரே ஈ ரெண்டு செடியிலயும் உட்கார்ந்து, ரயில் பூண்டோட துணைக்கோள் வெண்டையோட வைரஸ் கூட ஏறிக்கிச்சுன்னா? புரேவாலாவுல தக்காளித் துண்டு பருத்திக்குள்ள போனது அப்படிப்பட்ட ஒரு சந்திப்புலதான்.

பரிசோதிக்கலாம். ஞாயித்துக்கிழமை ஒடுகத்தூர் வரேன். வெண்டையில இருந்து டி.என்.ஏ. எடுக்குறது பெரிய பாடு, அந்த வழுவழுப்பு குழாய்ல சளி மாதிரி திரண்டு, டி.என்.ஏ.வை நகலெடுத்துப் பெருக்குற பி.சி.ஆர். சோதனையையே நிறுத்திடும். முத்தின இலை உதவாது. நுனிக் கொழுந்து, விரல் நகம் அளவு, மஞ்சள் அப்பத்தான் தொடங்குறது, அதுதான் வேணும். உப்பு கூடுதலாப் போட்டு எடுத்தா வழுவழுப்பு பிரியும். துணைக்கோளுக்குன்னு பொதுவான தொடக்கிகள் இருக்கு, நகலெடுப்பை ஆரம்பிச்சு வைக்கிற சின்ன டி.என்.ஏ. துண்டுங்க. அதைப் போட்டு ஓட்டினா, டி.என்.ஏ.வை நீளவாரியாப் பிரிச்சுக் காட்டுற ஜெல்ல 1,350க்குப் பக்கத்துல ஒரு பட்டை வரும். பட்டை வந்தா துணைக்கோள் இருக்கு. எந்தத் துணைக்கோள்னு தெரிய எழுத்து வரிசையைப் படிக்கணும்.


ஒடுகத்தூர்_கழனி
ஏப்ரல் 13, காலை 8:30

துத்தி இருக்குதும்மா, கிணத்து மேட்டுல நாலு செடி. அதுலயும் ஒண்ணுல மஞ்சள். மூல வியாதிக்குன்னு எங்க அம்மா அதைத் தொட விட மாட்டாங்க. கிழக்கு வரப்புல ரயில் பூண்டு இன்னும் கொஞ்சம் இருக்குது, அதையும் வெட்டாம வைக்கிறேன்.

பிடுங்கின வெண்டை நூத்தி நாப்பது செடி ஆச்சு. மேக்கால இருக்குற பன்னெண்டு சால் இன்னும் பச்சையா இருக்குது, தினம் காலையில போய் ஒவ்வொரு கொழுந்தா பாக்குறேன். ஞாயித்துக்கிழமை வேலூர்ல இருந்து ஒடுகத்தூர் பஸ் ஏறி, ஊர் வந்ததும் போன் பண்ணும்மா. பஸ் ஸ்டாண்டுக்கு வண்டி எடுத்துனு வரேன். சாப்பாடு எங்க வீட்டுல. அஞ்சே முக்காலுக்குக் கொல்லைக்குப் போவணும்னா சனிக்கிழமை ராத்திரியே வந்து தங்கிடு, அம்மாகிட்ட சொல்லிட்டேன். துத்தியை அவங்களே காட்டுவாங்க.


காட்பாடி_மாணவி
ஏப்ரல் 13, காலை 8:44

சனிக்கிழமை சாயந்திரமே வந்துடுறேன் அண்ணா. கொழுந்து ஒடிக்க வேண்டாம், நானே எடுக்குறேன். துத்தியில அந்த ஒண்ணை மட்டும் அது வரைக்கும் ஒரு கொசுவலைத் துணியால மூடி வைங்க.